நண்பகலுக்கு எட்டு நிமிடம்

மேலவைக் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பத்திரண்டு ஆயிற்று. பதினொன்று ஐம்பத்தொன்றிலிருந்து அங்கே வந்து சேர அதற்கு ஒரு வருடம் பிடித்திருந்தது.

அம்பலவாணன் திருத்துக் கண்ணாடியில் கண்ணை வைத்து அதை உறுதி செய்துகொண்டு நாட்குறிப்பில் எழுதினார்: 'முள் நகர்ந்தது. உறுப்பினர்கள் பன்னிருவரும் நலம். நான்காம் எண் உறுப்பினரின் கொட்டாவி முடிந்தது.' அந்தக் கொட்டாவி ஐந்து வாரம் நீடித்தது. நடுவில் இரண்டு நாள் அம்பலவாணனுக்கும் தொற்றிக்கொண்டது.

செவ்வாய் ஒன்றியத்தின் மேலவைக்கு அவர்தான் மடைக்காரர். நியமன உத்தரவில் 'மடையர்' என்றுதான் அச்சாகி வந்தது. மூன்று மனு போட்டு மாற்றினார். மாற்றியதில் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது அவர் மனைவியின் கருத்து.

காலமடை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வாய்க்காலில் மடைப்பலகையை இறக்கினால் தண்ணீர் கசிந்து மட்டும் போகுமல்லவா, அதுபோல ஓர் அறைக்குள் காலத்தைக் கசியவிடும் இயந்திரம். வெளியே ஒரு வருடம் ஓடினால் உள்ளே ஒரு நிமிடம். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவருக்கு அது சாதாரண நிமிடம்தான். அங்கிருந்து வரும் வெளிச்சம்கூட சோம்பிச் சிவந்து வரும். அதைச் சரிசெய்து காட்டத்தான் திருத்துக் கண்ணாடி. கண்டுபிடித்தவர்கள் மாற்று இதயங்களைக் கெடாமல் வைத்திருக்கத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் முதல் பெரிய வாடிக்கையாளர்கள் அரசியல்வாதிகள். இதயம் சம்பந்தமான காரணம் எதையும் அவர்கள் சொல்லவில்லை.

ஒன்றியத்தை நிறுவியவர்களில் பாதிப்பேர் ஒஹாயோக்காரர்கள், மீதி கோயம்புத்தூர்க்காரர்கள். அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தபோது புதிதாக யோசிக்க யாருக்கும் தெம்பில்லை. அமெரிக்காவினுடையதை அப்படியே நகலெடுத்தார்கள். அதிகாரத்தை ஒரே பாத்திரத்தில் வைத்தால் கெட்டுப்போகும். மூன்றாகப் பிரித்து வை. ஒவ்வொன்றின் மூடியும் இன்னொருத்தன் கையில் இருக்கட்டும் என்பது அதன் சாரம். சட்டம் போட அவைகள், நடத்த அதிபர், சரிபார்க்க நீதிமன்றம். தனித்தனி வட்டங்களுக்குத் தனித்தனி ஆளுநர். பிறகு இரண்டு கட்சிகள், இவையெல்லாம் சும்மா இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. ஒரு பழக்கத்தையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டார்கள். அந்த நாட்டின் சில மாநில மன்றங்களில் கூட்டத்தொடர் முடியும் நேரம் வந்தும் வேலை முடியாவிட்டால் சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்களாம், அல்லது துணி போட்டு மூடுவார்களாம். கடிகாரம் ஓடாததால் நேரம் ஆகவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு நீலக் கட்சி தேர்தலில் தோற்றது. பழைய அவையின் ஆயுள் குறிப்பிட்ட நாளில் நண்பகல் பன்னிரண்டுக்கு முடிய வேண்டும். பதினொன்று நாற்பத்து நான்குக்கு அவைத் தலைவர் துணிக்குப் பதில் காலமடையை இறக்கச் சொன்னார். எதிர்க்கட்சியான காவிமண் கட்சி வெளிநடப்புச் செய்யவில்லை. வெளியே போனால் உள்ளே இருப்பவர்கள் இஷ்டத்துக்கு வாக்களித்துவிடுவார்களே. நீதிமன்றம், ஓர் அவையின் கடிகாரம் அந்த அவையின் சொந்த விவகாரம் என்றது. இப்படியே போனால் அவை தன்னைவிட நீண்டநாள் இருக்கும் என்று கண்டுகொண்ட அதிபர் தன் மாளிகைக்கும் மடை போட்டார்: ஒரு நிமிடத்துக்கு மூன்று வருடம். இந்த இரண்டையும் பார்த்த நீதிபதிகள், ஆயுட்காலப் பதவியில் இருப்பவர்கள், ஆழமாக யோசித்து ஒரு நொடிக்கு ஒரு வருடம் என்று இறக்கிக்கொண்டார்கள். மாநில உரிமை என்று ஆறு ஆளுநர்களும் தங்கள் பங்குக்கு மடை கேட்டு வாங்கினார்கள்.

யாரும் யாரையும் மிஞ்சவில்லை. சமநிலை பூரணமாக இருந்தது. மற்ற காரியங்களைக் குமாஸ்தாக்கள் 'முன்னிருந்தபடி' என்ற ஒரே ரப்பர் முத்திரையை வைத்து நடத்தினார்கள்.

"மணி என்ன ஆச்சு, அம்பலம் சார்?" என்றாள் கார்மென் ஒசோரியோ.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவள் அவள். காவிமண் கட்சியில் இரண்டாம் வட்டத்து உறுப்பினர். நண்பகல் ஆனால்தான் பதவி ஏற்கலாம் என்பதால் எட்டு வருடமாக அவைக்கு வெளியே, கடிகாரம் ஒழுங்காக ஓடும் கூடத்தில் காத்திருந்தாள். அதே கூடத்தில் அம்பலவாணனிடம் தமிழும் கேரமும் கற்றுக்கொண்டு, இரண்டிலும் அவரைவிடத் தேறிவிட்டாள். வரும்போது ஐம்பத்து மூன்று வயது.

"ஐம்பத்திரண்டு, மெம்பரம்மா. இன்னும் எட்டு நிமிஷம்தான்."

"போன வருஷம் ஒம்பதுன்னீங்க. முன்னேற்றம்தான்." அவள் சிவப்புக் காயை அலட்சியமாகக் குழியில் தள்ளினாள். "முகம் ஏன் இப்படி இருக்கு? போன ஆட்டத்துல சிவப்பைப் போட்டுட்டு ஃபாலோ காய் போட மறந்துட்டீங்க பாருங்க."

"பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வாரத்தில இருபத்தொண்ணு."

ஒசோரியோ கையை எடுத்துவிட்டாள். அதற்குமேல் விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு ஒன்றியத்தில் தற்காலிகக் காற்றுச்சீட்டுதான். பிள்ளைகள் பெற்றோரின் சீட்டில் சுவாசிக்கலாம், இருபத்தொரு வயது வரை. பிறகு பூமிக்குத் 'திரும்ப' வேண்டும். நித்திலா பூமியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். செவ்வாயின் இலேசான ஈர்ப்பில் பிறந்து வளர்ந்த உடம்பு அங்கே இரண்டரை மடங்கு கனக்கும். படுத்தே இருந்தால் இதயம் இரண்டு மாதம் தாங்கலாம் என்றார் மருத்துவர். உட்கார்ந்தால் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. நிரந்தரக் காற்றுச்சீட்டுக்கான வரிசையில் அம்பலவாணன் எண் ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூற்று ஆறு. பதினேழு வருடத்தில் நாற்பது எண் முன்னேறியிருந்தார். அதில் பாதி, முன்னால் நின்றவர்கள் செத்துப்போனதால்.

இந்தப் பிள்ளைகள் இங்கேயே இருக்கலாம் என்று சொல்லும் சார்ந்தோர் மசோதா கீழவையில் நிறைவேறி, மேலவையில் ஆறுக்கு ஆறு என்று முட்டிக்கொண்டு நின்றது. சமன் ஆனால் துணை அதிபர் வந்து வாக்களிக்க வேண்டும். அவரோ அதிபர் மாளிகை மடைக்குள் இருந்தார். தகவல் போய், நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு வருடமாகக் கோட்டுக் கையைத் தேடிக்கொண்டிருந்தார். மாளிகையிலிருந்து மேலவைக்குப் பத்து நிமிட நடை. அதாவது முப்பது வருடம். அவர் நடந்துவர மூடிய நடைபாதை ஒன்று போட்டு, அதையும் மாளிகை மடையிலேயே வைத்திருந்தார்கள். வெளிக்காற்றில் கால் வைத்தால் பதவிக்காலம் முடிந்தவராகிவிடுவாரே. அந்தப் பாதை சட்டமன்ற நிலமா, நிர்வாக நிலமா என்று வழக்கு. நான்கு வருட விசாரணையில் வழக்கறிஞர் "மாட்சிமை தங்கிய" வரை வந்திருந்தார்.

"நான் பதவியேத்தா முதல் வேலை உங்க மசோதாதான். சத்தியம்," என்றாள் ஒசோரியோ. "ஆனா நான் அரசியல்வாதி. அதையும் சேர்த்துப் பார்த்துக்குங்க."

அம்பலவாணன் அவளைத் தாண்டி, சுவரில் இருந்த ஒரு சின்னக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பார்வையாளர் மாடம். பொதுமக்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். சாசனம், பிரிவு ஒன்று.' இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். எட்டு வருடமாக யாரும் போனதில்லை. ஒரு நிமிடம் வேடிக்கை பார்க்க யார் ஒரு வருடத்தைக் கொடுப்பார்கள்?

*

"அப்போ நான் உள்ளே உட்கார்ந்திருந்தா எனக்கு வயசே ஆகாதா?" என்றாள் நித்திலா.

"ஆகும். உள்ளே ஓடுற அளவுக்குத்தான்." அம்பலவாணன் தன் மணிக்கட்டைக் காட்டினார். மடைத் தொழிலாளர் சங்கம் போராடி வாங்கிய சட்டம் அது ஒன்றுதான்: ஒருவரின் வயது, அவர் உடம்பு வாழ்ந்த நேரம். எல்லார் மணிக்கட்டிலும் வாழ்மணி அதைக் காட்டிக்கொண்டிருக்கும். "எட்டு நிமிஷம் உனக்கு. எட்டு வருஷம் எங்களுக்கு. அதுக்குள்ள நண்பகல் ஆயிடும். மெம்பரம்மா ஆளுங்க வந்துடுவாங்க."

அவர் மனைவி செண்பகவல்லி தட்டில் போட்ட தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே வெந்த தோசை.

"முன்னாடி ஒரு தடவை உருகி மாத்தப் போறேன், நாற்பது நொடின்னு சொல்லிட்டு உள்ளே போனீங்க," என்றாள். "எட்டு மாசம். இவ ஏழாம் வகுப்பு பூரா அப்பா எங்கேன்னா கண்ணாடி வழியா உங்க முதுகைக் காட்டினேன். நான் எட்டு வருஷம் இவ முகத்தைக் கண்ணாடியில பார்க்கணுமா?"

"பூமிக்கு அனுப்பினா ரெண்டு மாசம், செண்பகம்."

செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள். கடைசியில் நித்திலாதான் சொன்னாள்: "நான் வெளியே வரும்போது உங்களுக்கு அறுபது. ரொம்ப ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. இப்பவே அப்படித்தான் இருக்கீங்க."

"வாயைப் பாரு," என்றாள் செண்பகவல்லி, அழுதுகொண்டே.

மூன்று நாள் கழித்து நித்திலா மாடத்துக் கதவுக்கு முன் நின்றாள். வாழ்மணியில் இருபத்தொன்றுக்குப் பதினோரு நாள் பாக்கி. உள்ளே செலவழித்தால் அந்தப் பதினோரு நாள் பதினையாயிரம் வருடத்துக்குமேல் வரும் என்று அம்பலவாணன் பெருக்கிப் பார்த்து, ஆறுதலுக்குப் பதில் மயக்கம் வந்து உட்கார்ந்தார். அவசரத்தில் தயிர்சாத டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். "எட்டு நிமிஷத்துக்கு எதுக்கும்மா சாப்பாடு?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். வாசற்படியில் வைத்த கால் தரையைத் தொடவே மூன்று நாள் ஆயிற்று.

விஷயம் பரவியது. அடுத்த மாதத்துக்குள் எல்லா வட்டத்திலிருந்தும் இருபது வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளும் நிறைந்தன.

அம்பலவாணன் தினமும் கண்ணாடியில் பார்த்தார். ஒரு மாதம் நித்திலா உட்கார்ந்துகொண்டிருந்தாள். அடுத்த மாதம் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். செண்பகவல்லி வேலை முடிந்து வந்து, பத்து நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். "இன்னிக்கு கண் சிமிட்டப் போறா போல," என்பாள். மறுநாள் இமை பாதி இறங்கியிருக்கும்.

நான்காம் மாதம் அவர் எதிர்பாராதது ஒன்று நடந்தது. நான்காம் எண் உறுப்பினர், கொட்டாவிக்காரர், தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். பொதுமக்கள்! அவர் கை டையை நோக்கிப் புறப்பட்டது. பன்னிரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிபட்டு நிமிர்ந்தார். வருடம் முடிவதற்குள் பன்னிருவரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் முகத்தில் கவலை தோன்றியது. கவலை முழுவதாகத் தோன்ற ஒன்பது நாள் எடுத்தது. நன்றாகச் செய்தார்கள். அவைத் தலைவர் பேனாவை எடுத்தார்.

"பாருங்க மெம்பரம்மா, வேலை செய்றாங்க!" என்று அம்பலவாணன் கத்தினார். அத்தனை வருடத்தில் அவர் கத்தியது அதுவே முதல் தடவை.

ஒசோரியோ எட்டிப் பார்த்தாள். "ஆள் பார்க்கிறான்ல. அதான்," என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

*

நித்திலா உள்ளே போய் ஒன்றரை வருடம் ஆனபோது, மாடத்துக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் இருந்த சீட்டுத்துளை வழியாக அவைத் தலைவரின் உத்தரவு வந்து விழுந்தது.

'பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் சார்ந்தோர் மசோதாவை நிறைவேற்றியே தீருவது என்று இரு கட்சிகளும் விரும்புகின்றன. ஆனால் கட்சிக் கட்டளைப்படி போட்ட வாக்கை எவரும் மாற்ற இயலாது. எனவே துணை அதிபர் நண்பகலுக்குள் வந்து சேருமாறு மடையைப் பத்து மடங்கு இறுக்கவும். ஒரு நாளுக்குள்.'

நல்ல உத்தரவு. அம்பலவாணன் அதில் குறை கண்டுபிடிக்க நான்கு தடவை படித்தார். அவர் மகளுக்காகவே பன்னிரண்டு பேரும் முதல்முறையாக ஒத்துப்போயிருந்தார்கள். முள் நண்பகலைத் தொட இன்னும் ஆறரை நிமிடம். பத்து மடங்கு இறுக்கினால் அறுபத்தைந்து வருடம். துணை அதிபர் வந்துவிடுவார், மசோதா நிறைவேறும், நித்திலா வெளியே வந்து சுதந்திரமாகச் சுவாசிப்பாள். வாசலில் அவளைக் கூப்பிட்டுப்போக யாரும் இருக்கமாட்டார்கள்.

"என்ன, நாங்க உயிரோட இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கானா?" என்றாள் செண்பகவல்லி.

"அவ்வளவு நேரா எழுதலை."

"நான் சொல்றேன், இறுக்காதீங்க," என்றாள் ஒசோரியோ. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "அறுபத்தஞ்சு வருஷமா? எனக்கு இப்பவே அறுபத்திரண்டு. நான் ஜெயிச்சவ, அம்பலம் சார்! மடையைத் திறந்து விடுங்க. ஆறரை நிமிஷத்துல நண்பகல். நான் உள்ளே போய் அதே மசோதாவைப் புதுசாப் போடுறேன்."

"திறந்தா நான் உத்தரவை மீறினவன். சீட்டு ரத்து. மூணு பேரும் பூமிக்கு."

அப்போதுதான் செண்பகவல்லி மாடத்துக் கதவைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"நீங்க தனியா உள்ளே போய்டலாம்னு யோசிக்கிறீங்க. எனக்குத் தெரியும் அந்த முழி. நீங்க போயிட்டா, வெளியே நின்னு உங்க ரெண்டு பேருக்கும் வருஷா வருஷம் நான் திவசம் பண்ணவா?"

"இடம் எல்லாம் நிறைஞ்சுடுச்சு, செண்பகம்."

"படியில உட்காருவோம். கல்யாணத்துல எல்லாம் உட்காரலையா?"

மடைக்காரர் விதி ஒன்பது: அவர் இல்லாதபோது, கூடத்தில் இருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரும் பொறுப்பு வகிக்கலாம். அம்பலவாணன் மடையை ஏற்றி இறக்கும் சக்கரத்தின் சாவியைக் கழற்றினார். ஒசோரியோவின் சத்தியத்தை அவர் முழுதாக நம்பவில்லை. அவள் ஆசையை நம்பினார். உள்ளே ஒரு நாற்காலிக்காக ஒன்பது வருடத்துக்குமேல் கேரம் ஆடிய ஆசை. அது மடையைத் திறக்காமல் விடுமா? ஒருவன் ஆசைக்கு இன்னொருவன் ஆசையைக் காவல் வைப்பதுதானே சாசனத்தின் மொத்தத் தந்திரமும். ஒரு சாதாரண மடைக்காரனுக்கே அது புரிந்துவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"உத்தரவு உங்க கைக்கு வந்தாச்சு, மெம்பரம்மா. என்ன செய்றதுன்னு நீங்களே பார்த்துக்குங்க."

ஒசோரியோ சாவியை வாங்கிக்கொண்டாள். "நண்பகல்ல பார்ப்போம்," என்றாள்.

செண்பகவல்லி அரைமணி நேரம் கேட்டு, வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் பிசைந்து எடுத்துவந்தாள்.

*

நித்திலா திரும்பிப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை உட்கார்ந்து ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது.

"என்னம்மா, டப்பாவைக் கொடுக்கவா ரெண்டு பேரும் வந்தீங்க?" என்று கிசுகிசுத்தாள். பிறகு முகங்களைக் கவனித்தாள். "அப்பா, முடி என்ன இப்படி வெளுத்துடுச்சு?"

"வர்ற வழியில கொஞ்சம் நேரமாயிடுச்சு," என்றார் அம்பலவாணன். அவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரும் உத்தேசம் இல்லாதவள் போல. கீழே நான்காம் எண் உறுப்பினர் மாடத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

அம்பலவாணன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒசோரியோவைத் தேடினார். மடை திறந்திருந்தால் அவள் நிதானமாகத் தெரிய வேண்டும். கூடத்தில் வெறும் பனிமூட்டம்தான் தெரிந்தது, ஆட்கள் வருடக்கணக்கில் கரைந்தோடும் பனிமூட்டம்.

சீட்டுத்துளையில் ஒரு சீட்டு விழுந்தது. படிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவரே எடுத்தார்.

'பொறுப்பேற்றேன். இப்போதைக்கு உத்தரவுப்படி மடையை இறுக்கியிருக்கிறேன். சீக்கிரம் திறந்துவிடுகிறேன். கொஞ்சம் ஆலோசனை பாக்கி. – ஒசோரியோ.'

சில நொடியில் இன்னொன்று. 'மாளிகை, நீதிமன்ற மடைக்காரர்கள் என்னைக் கலந்தாலோசிக்க வருகிறார்கள். உள்ளே ஓர் உறுப்பினராக இருப்பதைவிட இங்கேயே உங்களுக்கு அதிகம் உதவ முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். – ஒசோரியோ, மடைக்காரர்.'

மூன்றாவது: 'மடைக்காரர் பதவிக்கு முதல் பொதுத்தேர்தல் சிறப்பாக நடந்தது. – ஒசோரியோ, இரண்டாம் முறையாக.'

நான்காவதில் கையெழுத்து வேறாக இருந்தது. 'ஒசோரியோ, மகள்.'

அம்பலவாணனுக்குச் சிரிப்பு வந்தது. உடம்பெல்லாம் அசதியாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவள்மேல் கோபம்கூட வரவில்லை. சக்கரத்தை ஒன்பதரை வருடம் கையில் வைத்திருந்தவர் அவர். அதில் அதிகாரம் இருக்கிறது என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை. எண்ணெய் போட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

ஐந்தாவது சீட்டு தடிமனான காகிதத்தில், முத்திரையோடு வந்தது. 'மடைக்காரரின் அதிகாரம் ஒரே கையில் குவிவதைத் தடுக்க, அப்பதவி இன்றுமுதல் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது: மடையின் அளவை விதிப்பவர், சக்கரத்தைச் சுற்றுபவர், சுற்றியது சரியா என்று தீர்ப்பவர். இரு கட்சிகளும் ஏகமனதாக ஏற்றன.'

ஆறாவது: 'மூவருக்கும் கருத்து வேற்றுமை எழுந்துள்ளதால், அது தீரும்வரை அவரவர் அறைக்கு அவரவர் கோரியபடி காலமடை ஒதுக்கப்படுகிறது.'

அதற்குப் பிறகு சீட்டு எதுவும் வரவில்லை. அடுத்ததை எழுதவேண்டியவர் பேனாவை எடுத்துக்கொண்டிருப்பார்.

"அப்பா, வெளியே இப்ப எந்த வருஷம்?" என்றாள் நித்திலா.

"யார் கடிகாரப்படி?"

"முதல்ல சாப்பிடுங்க ரெண்டு பேரும்," என்றாள் செண்பகவல்லி.

மாடத்தில் சாப்பிடக் கூடாது என்று ஒரு பலகை இருந்தது. அதை அமல்படுத்த ஆள் இல்லை. பக்கத்து வரிசைப் பிள்ளைகள் வாசனைக்குத் திரும்பினார்கள். டப்பா கை மாறிப் போயிற்று. கீழே உறுப்பினர் ஒருவர் எழுந்து, பொதுமக்களின் நலனே தன் மூச்சு என்று ஆரம்பித்தார்.

கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பத்தாறு. நித்திலாவின் மணிக்கட்டில் இன்னும் பதினோரு நாள் அப்படியே இருந்தது.